மீட்கும் நாளில் எது கைகொடுக்கும்? வீட்டுக் கணினிக்கான வட்டு இமேஜ் மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

என் மைத்துனரின் மடிக்கணினியில் இருந்த எஸ்எஸ்டி என்னும் சேமிப்பு வட்டு ஒரு திங்கட்கிழமை காலை முன்னறிவிப்பு ஏதுமின்றி உயிரை விட்டது. அவருடைய கடைக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ஆனாலும் யாரும் பதறவில்லை. வாரம் ஒரு முறை முழு வட்டையும் இமேஜாக எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கும் கட்டண மென்பொருள் ஒன்றை நானே அவருக்கு நிறுவிக் கொடுத்திருந்தேன். புது எஸ்எஸ்டியைப் பொருத்தி, மீட்புப் பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து இயக்கினோம். வெளி டிஸ்க் தெரிந்தது. அதிலிருந்த இமேஜ்களும் தேதி வாரியாக வரிசையாகத் தெரிந்தன. எந்த வட்டில் மீட்க வேண்டும் என்று கேட்ட அடுத்த திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை, வெற்றுக் கட்டம். அந்தப் பென் டிரைவை நான் உருவாக்கியது என்னுடைய பழைய கணினியில். அவருடைய கணினியிலோ இன்டெல் விஎம்டி என்னும் சேமிப்பகக் கட்டுப்பாட்டு முறை இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குரிய டிரைவர், அதாவது அந்த வன்பொருளோடு பேச உதவும் சிறு மென்பொருள், பென் டிரைவில் இல்லாததால், உள்ளே பொருத்தியிருந்த புது எஸ்எஸ்டி அதன் கண்ணில் படவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, டிரைவரைத் தேடிச் சேர்த்து முடிப்பதற்குள் இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

அதிலிருந்து, இத்தகைய மென்பொருளை நான் ஒப்பிடும் முறை மாறிவிட்டது. எவ்வளவு வேகமாக இமேஜ் எடுக்கிறது, எவ்வளவு சுருக்குகிறது, திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணினி இயங்க மறுக்கும் நாளில், வேறொரு கணினியின் உதவி இல்லாமல், எந்த மென்பொருள் பழைய நிலையைத் திருப்பிக் கொடுக்கும் என்பதே முதல் கேள்வி.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இமேஜ் என்பது கோப்புகளின் நகல் அன்று. விண்டோஸ், அதை இயக்கி வைக்கும் பார்ட்டிஷன்கள் என்னும் சிறு வட்டுப் பிரிவுகள், நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் அமைப்புகள் ஆகிய அனைத்தையும் வட்டில் இருந்த அமைப்பிலேயே பிடித்து வைப்பது. படங்களும் ஆவணங்களும் மட்டும்தான் முக்கியம் என்பவர்களுக்கு, 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரியே பெரும்பாலும் போதும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கோப்புகளை ஒத்திசைப்பவை. ஒரு கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அது அழிந்துவிடும் என்பதால், அவற்றை மட்டும் நம்பிக் காப்பு நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் மைத்துனரைப் போல, உரிமம் வாங்கி நிறுவிய கணக்கு மென்பொருளும் பிரிண்டர் அமைப்புகளும் ஒரே நாளில் பழையபடி வேண்டும் என்பவர்களுக்கு இமேஜைத் தவிர வேறு வழி இல்லை.

விண்டோஸிலேயே இருப்பது

கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரில் ஒரு பழைய வசதி விண்டோஸ் 11-இலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செலவில்லை, தனியாக நிறுவ வேண்டியதில்லை, எடுத்த இமேஜ் விஎச்டிஎக்ஸ் என்னும் மெய்நிகர் வட்டுக் கோப்பாக இருப்பதால் இரட்டைச் சொடுக்கில் திறந்து உள்ளிருக்கும் ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியும். இவ்வளவு நன்மைகள் இருந்தும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் இந்த வசதியைக் கைவிடப்படுபவற்றின் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்துமாறு சொல்லிவிட்டது. மீட்கும்போதும் இது பிடிவாதக்காரன். இமேஜ் இருக்கும் ஃபோல்டரின் பெயரை யாராவது மாற்றியிருந்தாலோ, ஒழுங்குபடுத்துவதாக நினைத்து அதை வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளியிருந்தாலோ, இமேஜே இல்லை என்று சாதிக்கும். பழைய வட்டைவிடச் சிறிய வட்டில் மீட்கவும் இது ஒப்புக்கொள்ளாது.

காசு கொடுத்து வாங்குபவை

நீண்ட காலம் வீட்டுப் பயனர்களின் முதல் தேர்வாக இருந்தது மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு. அது நிறுத்தப்பட்டுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 தொடக்கத்தோடு முடிந்துவிட்டன. இணையத்தில் எங்கெங்கோ கிடக்கும் அதன் பழைய நிறுவல் கோப்பை இறக்கி இன்றும் நிறுவிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வட்டின் அடியாழம் வரை அனுமதி பெற்று இயங்கும் ஒரு மென்பொருளைத் திருத்தங்களே வராத நிலையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த ரிஃப்ளெக்ட் எக்ஸ், வீட்டுப் பயனருக்கு ஆண்டுச் சந்தாவில் விற்பனைக்கு வந்தது. தரத்தில் குறை சொல்ல இடமில்லை: மீட்கும்போது பார்ட்டிஷன்களைத் திரையில் இழுத்துச் சிறிதாக்கிச் சிறிய வட்டிலும் பொருத்தலாம், மாறிய பகுதிகளை மட்டும் எழுதி விரைவாக மீட்கலாம், இமேஜ் கோப்புகளை மற்ற மென்பொருள்கள் தொடாதபடி காவல் வைக்கலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்கள் (ரான்சம்வேர்) வெளி டிஸ்க்கில் உள்ள காப்பு நகல்களையும் தேடிப்பிடித்துப் பூட்டுகின்ற காலத்தில் இந்தக் கடைசி வசதிக்குத் தனி மதிப்பு உண்டு.

அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ் இதற்கு நேர்ப் போட்டியாளர். 2021-இல் சைபர் புரொடெக்ட் ஹோம் ஆபீஸ் என்று பெயர் மாறி, பிறகு மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியது. அந்தப் பெயர் மாற்றத்திலேயே அதன் போக்கு தெரிகிறது: காப்பு நகலோடு வைரஸ் தடுப்பு, மேகச் சேமிப்பு என்று ஒரே பொட்டலமாக வருகிறது. வேறொரு வைரஸ் தடுப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இது தேவையற்ற சுமை. வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும், ஆனால் அதற்காகத் தனியாக மெனக்கெட முடியாது என்பவர்களுக்கு மட்டும் அதன் மேகச் சேமிப்பு பொருத்தமானது. அப்போதும் நூறு ஜிபிக்கு மேற்பட்ட இமேஜை வீட்டு இணைய இணைப்பில் திரும்ப இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி மாட்டுவது மட்டுமே நோக்கமென்றால் இரண்டுமே வேண்டாம். குருஷல், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகியவற்றின் எஸ்எஸ்டி வாங்குவோருக்கு அக்ரோனிஸின் குறுக்கிய பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த நிறுவனத்தின் வட்டு கணினியில் இணைந்திருந்தால்தான் அது இயங்கும். சாம்சங்கும் தன் வட்டுகளுக்கு இதே போன்ற குளோன் மென்பொருளை, அதாவது ஒரு வட்டை அப்படியே மற்றொரு வட்டில் நகலெடுப்பதை, வைத்திருக்கிறது.

வீம் ஏஜென்ட்

நிறுவனங்களின் சர்வர்களுக்குக் காப்பு மென்பொருள் செய்து பெயர் எடுத்த வீம், தனிக் கணினியில் நிறுவும் ஏஜென்ட் என்ற காப்பு மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகத் தருகிறது. இதைப் பதிவிறக்குவதற்குக் கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். திரையில் வரும் சொற்களும் அலுவலகக் கணினிப் பிரிவுக்காரர்களுக்கு எழுதியவை போலத்தான் இருக்கும். அந்த முதல் அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால், பிறகு அதை மறந்துவிடலாம். முதல் முறை முழு இமேஜ் எடுக்கும். அடுத்தடுத்த முறைகளில் மாறிய பகுதிகளை மட்டும் எடுத்து, பழையவற்றை முழு இமேஜோடு தானே சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். வட்டின் அந்தக் கணத்து நிலையை உறையவைத்துக் காட்டும் விஎஸ்எஸ் என்னும் விண்டோஸ் சேவையால்தான் இது சாத்தியமாகிறது.

என்னை இதன் பக்கம் இழுத்தவை இரண்டு சிறு வசதிகள். வெளி டிஸ்க்கைச் செருகியவுடன் தானாகத் தொடங்கி, முடிந்தவுடன் அந்த டிஸ்க்கைத் தானே விடுவித்துவிடுமாறு அமைக்கலாம்; செருகிய டிஸ்க்கை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து. மற்றொன்று, மீட்புப் பென் டிரைவை உருவாக்கும்போது ‘இந்தக் கணினியின் டிரைவர்களையும் சேர்’ என்ற ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். மைத்துனர் வீட்டில் எட்டு மணி நேரத்தை விழுங்கிய சிக்கல், அந்தப் பெட்டியில் ஒரு டிக் போட்டிருந்தால் வந்தே இருக்காது. எந்தக் கணினியை மீட்க வேண்டுமோ அந்தக் கணினியிலேயே உருவாக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இலவசப் பதிப்பில் ஒரே ஒரு காப்புப் பணியைத்தான் அமைக்க முடியும். ஒரு வட்டிலிருந்து மற்றொரு வட்டுக்கு நேரடியாகக் குளோன் செய்யும் வசதியும் இல்லை. வீட்டுக் கணினிக்கு முதல் குறை ஒரு பொருட்டன்று. இரண்டாவது தேவைப்படுபவர்கள், குளோன் வசதியையும் மாற்றங்களை மட்டும் எடுக்கும் வசதியையும் இலவசமாகவே தரும் ஹாஸ்லியோ பேக்கப் சூட்டைப் பார்க்கலாம். மூலநிரல் வெளியிடப்படாதது, நிறுவனம் சிறியது என்ற இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு.

குளோன்சில்லாவும் ரெஸ்க்யூசில்லாவும்

தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்சில்லா கட்டற்ற மென்பொருள். விண்டோஸில் நிறுவுவதில்லை, பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கித்தான் பயன்படுத்த வேண்டும். அதாவது, இமேஜ் எடுக்கும்போதே மீட்புப் பென் டிரைவும் சோதிக்கப்பட்டுவிடுகிறது: உள்வட்டு அதன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் முதல் நாளிலேயே தெரிந்துவிடும், ஆபத்து நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் மதிக்கும் இந்த நன்மையை வேறு எந்த ஒப்பீட்டிலும் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

ஆனால் நீலத் திரையில் சரமாரியான கேள்விகளாக வந்துகொண்டிருக்கும் அதன் முகம் பலரை விரட்டிவிடும். மூல வட்டு எது, இலக்கு வட்டு எது என்பதை எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற லினக்ஸ் பெயர்களில் வரும் பட்டியலிலிருந்து அடையாளம் காண வேண்டியிருப்பதால், களைத்த நேரத்தில் மாற்றித் தேர்ந்தெடுத்து நல்ல வட்டையே அழித்துவிடும் அபாயம் உண்மையானது. ரெஸ்க்யூசில்லா இதே இமேஜ் வடிவத்தை எளிய சாளரங்களோடு கையாள்கிறது. ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் மீட்கலாம். இமேஜைத் திறந்து ஒரு கோப்பை மட்டும் எடுக்கும் வசதியும் அதில் உண்டு, பெரிய இமேஜ்களில் சற்று மெதுவாக.

இரண்டுக்கும் பொதுவான குறைகள் சில. மாற்றங்களை மட்டும் எடுக்கத் தெரியாது. ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். பொதுவாக, மீட்கும் வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தானாக ஓடாது, நாமேதான் நேரம் ஒதுக்க வேண்டும். 120 ஜிபி நிறைந்த வட்டை நொடிக்கு 100 எம்பி எழுதும் வெளி டிஸ்க்குக்கு மாற்ற, சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், இருபது நிமிடம் ஆகும். அதையே பழைய யூஎஸ்பி 2.0 துளையில் செருகிவிட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். விண்டோஸைச் சாதாரணமாக ஷட் டவுன் செய்துவிட்டு வந்தால், அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி காரணமாக வட்டு பாதி உறக்கத்தில் இருப்பதாகச் சொல்லி இவை முரண்டு பிடிக்கலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுப்பதே தீர்வு.

பிட்லாக்கர் என்னும் பூட்டு

ஒப்பீட்டின் முடிவையே புரட்டிப்போடக்கூடியது, வட்டில் இருப்பதைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதிதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. உரியவருக்கே அது தெரிவதில்லை. அப்படிப் பூட்டிய வட்டைத் திறக்காமல் வெளியிலிருந்து இமேஜ் எடுக்கும்போது எந்தப் பகுதி நிரம்பியது, எது காலி என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே 512 ஜிபி வட்டில் 120 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் 512 ஜிபியையும் அது அள்ளும். பூட்டிய தரவு சுருங்காது என்பதால் இமேஜும் ஏறக்குறைய அதே பருமனில் வந்து நிற்கலாம். விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கும் வீம், மேக்ரியம் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அவை திறந்த நிலையில் படிக்கின்றன. அதற்கு ஒரு விலையும் உண்டு: வெளி டிஸ்க்கில் சேரும் இமேஜ் பூட்டில்லாமல் கிடக்கும், மீட்ட பிறகு பிட்லாக்கரை நாமே மீண்டும் இயக்க வேண்டும். இமேஜுக்குக் கடவுச்சொல் வைக்கும் வசதி வீமின் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது, கட்டாயம் பயன்படுத்துங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் இப்போது 11-க்கு மாறுபவர்கள் பலர். மாறிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தருவது பத்து நாள் மட்டுமே. மாறுவதற்கு முன் ரெஸ்க்யூசில்லாவில் ஓர் இமேஜ் எடுத்துவைத்தால் அந்தக் கெடு நம்மைக் கட்டுப்படுத்தாது.

இப்போது மைத்துனரின் கணினியில் வாராந்திர வேலையை வீம் பார்த்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் போகும்போது, பிட்லாக்கரை அணைத்து வைத்திருக்கும் அந்த வட்டை ரெஸ்க்யூசில்லாவில் வேறொரு டிஸ்க்குக்கு முழுதாக எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். என்னுடைய கணினியில் பிட்லாக்கர் உண்டு என்பதால் வீம் மட்டும்தான். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, மீட்புப் பென் டிரைவோடு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். போன மாதம் பழைய 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி மைத்துனரின் இமேஜை அதில் மீட்டுப் பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் கணக்கு மென்பொருள் திறந்தது, பிரிண்டரும் கேட்டதை அச்சடித்தது.