கேம் வீடியோ போடும் தம்பி தங்கைகளே, சேனலின் ஓனர்ஷிப்பை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கேம் ஆடி யூடியூபில் வீடியோ போடுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "உன் சேனலை நாங்க பாத்துக்குறோம், மானிடைசேஷன் வாங்கித் தர்றோம்", அதாவது வீடியோவில் விளம்பர வருமானம் வரவைக்கிறோம், என்று ஒரு கும்பல் நம் பகுதியில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாடியில் ஆபீஸ், ஏசி ரூம், சுவரில் யூடியூப் தருகிற வெள்ளிப் பட்டன் போலவே ஒரு பலகை. என் சேனலைப் பிடுங்கிக்கொண்டது அவர்கள்தான். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, நாளைக்கு வேறு போர்டு மாட்டுவார்கள். எப்படிப் பிடுங்கினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

நான் கொருக்குப்பேட்டை. மணலியில் ஷிப்ட் வேலை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் ரெக்கார்டிங். ஹார்பர் பக்கம் போகிற கூட்ஸ் வண்டிச் சத்தம் மைக்கில் விழும், அது போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஃபேன் ஓடினால் அதுவும் மைக்கில் கேட்கும் என்பதால் அதை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பேசுவேன். ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அந்த வாரம் வேலை இல்லை.

ஆடியது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2004ல் வந்த கேம். எங்கள் வயதுப் பையன்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, எழுந்திருக்க மனசில்லாமல் ஆடியது. அதை முதல் மிஷனிலிருந்து கடைசிவரை நம்ம ஏரியா பேச்சிலேயே பேசி ஆடிப் போட வேண்டும் என்பது என் ஆசை. ரயில் மிஷன் நினைவிருக்கும் உங்களுக்கு. நாம் பைக் ஓட்ட வேண்டும், பின்னால் உட்கார்ந்திருக்கிற நம் கூட்டாளி பிக் ஸ்மோக் ரயில் மேல் நிற்பவர்களைச் சுட வேண்டும். ரயிலை ஒட்டியே ஓட்டினால் அவனுக்குக் குறி கிடைக்காது, கொஞ்சம் தள்ளி ஓட்டணும். சின்ன வயதில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, எத்தனையோ பேர் அந்த மிஷனோடு கேமையே விட்டார்கள். அதை நான் நிதானமாக விளக்கிக்கொண்டே, நடுவில் "ஏய் குண்டா, சுட்றா, இன்னா வேடிக்கை பாத்துனுகீற" என்று கத்தியிருப்பேன். அந்த வீடியோவுக்குக் கீழே காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன், துபாயில் இருக்கிற ராயபுரத்துக்காரர் ஒருவர் என்று யார் யாரோ எழுதினார்கள். "ஊர்ல உக்காந்து ஆடுற மாதிரி இருக்கு தம்பி" என்று ஒருவர் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நடுராத்திரி யார்கூட பேசுற" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

அரை மணி நேர வீடியோ ஒன்றுக்குப் பின்னால் எவ்வளவு வேலை என்பது செய்கிறவனுக்குத்தான் தெரியும். கேமுக்குள் ரேடியோவில் ஓடும் பாட்டெல்லாம் உரிமை உள்ள நிஜப் பாட்டு, அதோடு வீடியோ போட்டால் கிளெய்ம் விழும், பாட்டுக்கு உரிமையுள்ளவர் உரிமை கோருவார். அதனால் ஆடியோ செட்டிங்கில் ரேடியோவை முதலிலேயே அணைக்க வேண்டும். திரையில் ஓடுவதைப் பதிவு செய்கிற ஓபிஎஸ் மென்பொருள் இலவசம், அதில் கேம் சத்தம் ஒரு டிராக்கிலும் என் குரல் தனி டிராக்கிலும் பதியும்படி வைத்திருந்தேன். ஃபைலை எம்பி4 ஆக இல்லாமல் எம்கேவி ஆகப் பதிவு செய்வேன், கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது கெடாது. இந்த இரண்டும் பிற்பாடு எனக்கு எப்படிக் கை கொடுத்தன என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வந்தது. "ப்ரோ, உங்க வாய்ஸ் வேற லெவல், எங்க மேனேஜர் உங்ககிட்ட பேசணும்ங்கிறார்." போனேன். அந்த மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, மரியாதையான பேச்சு. என் ரயில் வீடியோவைப் பெரிய டிவியில் ஓடவிட்டு, "தம்பி, இந்தத் திறமைக்கு நீ ஷிப்டுக்குப் போய்ட்டு இருக்க" என்றார். அப்போது என் சேனலில் எழுநூறுக்குக் கொஞ்சம் மேல் சப்ஸ்கிரைபர்கள். விளம்பர வருமானத்துக்கு யூடியூப் வைத்திருக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1,000 சப்ஸ்கிரைபர், அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு 1 கோடி பார்வை. "அதெல்லாம் எங்க டீம் ஒரு மாசத்துல பண்ணிடும்" என்றார். கட்டணம் 12,000 ரூபாய், வருமானம் வந்தால் 30 சதவீதம் அவர்களுக்கு. அதற்கு மேல் கேம் கம்பெனியிடம் "லைசென்ஸ் சர்டிபிகேட்" வாங்க 3,000.

இந்த சர்டிபிகேட் விஷயத்தை இங்கேயே சொல்லி முடிக்கிறேன். தனியாள் ஆடிப் போடுகிற வீடியோவுக்கு இடைத்தரகர் வழியாகக் காசு கட்டி வாங்குகிற சான்றிதழ் எதுவும் கிடையாது. பெரிய கேம் கம்பெனிகள் பலவும் வீடியோ போடுவதற்கான விதிகளைத் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. மைன்கிராஃப்ட் செய்கிற மோஜாங், உன் சொந்தப் பேச்சோ உழைப்போ சேர்ந்திருந்தால் வீடியோவில் விளம்பர வருமானம் எடுத்துக்கொள் என்றே சொல்கிறது. எனக்கு அவர்கள் தந்தது கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்த ஒரு தாள். அவ்வளவுதான்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். "டீம் வேலை செய்யணும்னா எங்க மெயில் ஐடியை ஓனரா சேக்கணும் தம்பி. சேத்துட்டு ஒரு வாரம் கம்பெனி வெரிஃபிகேஷன் இருக்கும். அப்புறம் வா, முடிச்சுடலாம்" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனேன். டெக்னிக்கல் பையன் ஒருவன் என் போனை வாங்கி, "ஓடிபி வரும் ப்ரோ, நான் பாத்துக்குறேன்" என்று எதையோ அழுத்தித் திருப்பிக் கொடுத்தான்.

கம்பெனி வெரிஃபிகேஷன் என்று ஒன்று இல்லவே இல்லை. என்னுடையது போல பிராண்ட் அக்கவுண்டில், அதாவது பலர் சேர்ந்து நடத்தக்கூடிய கூகுள் கணக்கில், இருக்கிற சேனலுக்குப் பல ஓனர்களைச் சேர்க்கலாம், ஆனால் ப்ரைமரி ஓனர் என்கிற முதன்மை ஓனர் ஒருவர்தான். புதிதாகச் சேர்த்த ஓனரை ப்ரைமரி ஆக்க வேண்டும் என்றால் 7 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் விதி. திருட்டைத் தடுக்க வைத்த அந்த ஏழு நாளைத்தான் இவர்கள் "வெரிஃபிகேஷன்" என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். ஏழு நாள் முடிந்ததும் என் போனிலிருந்தே என்னை இறக்கிவிட்டு அவர்கள் ப்ரைமரி ஓனர் ஆனார்கள். அதன் பிறகு என்னை எப்போது வேண்டுமானாலும் சேனலை விட்டே நீக்க முடியும். உடனே நீக்கவில்லை. நான் வீடியோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே.

முதலில் ஒரே ராத்திரியில் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை ஏறியது. எல்லாம் ஊர் பேர் தெரியாத, படம் இல்லாத கணக்குகள். கொஞ்ச நாளில் யூடியூப் அவற்றைக் கழித்துவிட்டது. போலி சப்ஸ்கிரைபர், போலி வாட்ச் ஹவர்ஸ் வாங்குவது யூடியூப் விதிக்கு விரோதம், சேனலையே மூட அது போதும். அதாவது என் காசை வாங்கி என் சேனலுக்கே குழி வெட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு "சிஸ்டம் அப்டேட் தம்பி" என்றார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "குண்டா சுட்றா" என்று நான் கத்தின துண்டு ஷார்ட்ஸாகப் போய், அதைப் பார்த்தவர்கள் பழைய வீடியோக்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சேனல் தானாகவே வளர்ந்து கோட்டைத் தாண்டியது. மானிடைசேஷனும் கிடைத்தது. அவர்கள் டீம் செய்தது எதுவும் இல்லை, நான் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பேசினது. ஆனால் சேனலோடு இணைத்த ஆட்சென்ஸ் கணக்கு, அதாவது விளம்பரப் பணத்தை கூகுள் கொடுக்கிற கணக்கு, அவர்களுடையது. ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள், 100 டாலர் ஆனால்தான் பணம் பேங்குக்கு வரும். எங்கள் தெருத் தபால்காரரிடம் தினமும் கேட்டுப் பார்த்தேன். "அது எங்க ஆபீஸ் அட்ரசுக்கு வந்துருச்சு" என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண், ரொம்ப சாதாரணமாக. ஆட்சென்ஸ் கணக்கு யாருடையதோ காசு அவர்களுக்குத்தான் போகும்.

அடுத்த மாதம் போனைத் திறந்தால் என் சேனல் என் கணக்கில் இல்லை. பெயரை மாற்றி, யாரோ வெளிநாட்டுக்காரர் பேசாமல் ஆடிப் போட்ட வீடியோக்களை எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டி வேறு இரண்டு சேனல்களிலும் போட்டார்கள்.

ஆபீசுக்குப் போனேன், கூடவே மாமாவும் வந்தார். அந்த மரியாதையான மேனேஜர் எழுந்துகூட நிற்கவில்லை. ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கின ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துப் போட்டு, "சேனலையும் அதுல இருக்குற எல்லாத்தையும் கம்பெனிக்குக் கொடுத்ததா எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றார். முழுக்க ஆங்கிலம். கையெழுத்து வாங்கும்போது "சும்மா ஜிஎஸ்டிக்குத்தான் தம்பி" என்று சொன்ன அதே வாய். மாமா ஹார்பரில் முப்பது வருஷம் சரக்கு இறக்கினவர். "புள்ளையோட குரலைக் கூடவா எழுதி வாங்கின?" என்று கேட்டார். பதில் இல்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதிந்தேன். பணம் ஏமாந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. ஸ்டேஷனில் முதலில் பேசிய ஏட்டு "யூடியூப் சேனல்லாம் ஒரு சொத்தாப்பா" என்றார். அங்கிருந்த பெண் எஸ்ஐ ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு, பணம் அனுப்பிய விவரம், வாட்சப் பேச்சு, ஓனர் மாற்றம் பற்றி கூகுள் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எழுதச் சொன்னார். அந்த மெயில்தான் பெரிய ஆதாரம், அழித்துவிடாதீர்கள். யூடியூபிடமும் கேட்டேன். ஹேக் ஆன சேனலை மீட்க அவர்களிடம் வழி இருக்கிறது, ஆனால் என் போனிலிருந்து, என் கணக்கிலிருந்தே மாற்றம் நடந்திருப்பதால் அது ஹேக் கணக்கில் வராது என்று பதில்.

வெட்டிப் போட்ட அந்த இரண்டு சேனல்கள் விஷயத்தில் மட்டும் ஜெயித்தேன். கேம் காட்சி வேறு ஒருவருடையதாக இருக்கலாம், அதன் மேல் பேசியிருக்கிற பேச்சு என்னுடையது. யூடியூபின் காப்பிரைட் படிவத்தில் என் உண்மையான பெயரோடு புகார் கொடுத்தேன். என் குரல் தனி டிராக்கில் இருக்கிற எம்கேவி ஃபைல்கள், அவை பதிவான தேதி, எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வெளியான வீடியோவைத் திருடினவனிடம் எல்லா சத்தமும் கலந்த ஃபைல்தான் இருக்கும், குரல் தனியாகப் பதிவான மூல ஃபைலைக் காட்டு என்றால் மாட்டுவான். எதிர்த்து கவுன்டர் நோட்டீஸ் போட அவர்களுக்கு உரிமை உண்டு, போட்டால் நான் கோர்ட் நடவடிக்கை எடுத்ததைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு வக்கீல் அண்ணனிடம் பேசி வைத்திருந்தேன். அவர்கள் போடவில்லை. வீடியோக்கள் போயின. இப்படி நீக்கப்பட்டால் சேனல் மேல் ஸ்ட்ரைக் என்று ஒரு குற்றப் புள்ளி விழும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே மூடப்படும், அந்த இரண்டு சேனல்களில் ஒன்று அப்படியே மூடப்பட்டது. அன்றைக்குச் சாயந்திரமே மேனேஜர் போன். "தம்பி, 25,000 குடு, உன் சேனலைத் திருப்பித் தந்துடுறோம்." அந்தப் பேச்சையும் பதிவு செய்து எஸ்ஐயிடம் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு உண்மையிலேயே எடிட் செய்ய, தம்ப்நெயில் என்கிற முகப்புப் படம் போட ஆள் வேண்டுமா? யூடியூப் ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், அதில் பெர்மிஷன்ஸ். அங்கே ஒருவரை எடிட்டராகச் சேர்த்தால் அவர் வீடியோ ஏற்றலாம், திருத்தலாம். வேறு ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. வருமானக் கணக்குகூடத் தெரிய வேண்டாம் என்றால் எடிட்டர் லிமிடெட் என்று இன்னொன்று இருக்கிறது. மேனேஜர் என்ற பொறுப்பைக் கொடுக்கும்போது யோசியுங்கள், அவர் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். இந்த எதற்கும் பாஸ்வேர்டு தேவையில்லை, போனைக் கையில் கொடுக்கத் தேவையில்லை, ஓனர் ஆக்கத் தேவையே இல்லை. ஆட்சென்ஸ் உங்கள் பெயரில், உங்கள் வீட்டு முகவரியில் இருக்கட்டும். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அம்மா அப்பா பெயரில்.

ஆபீஸ் இல்லாமல் மெயிலிலேயே வருகிற கூட்டமும் உண்டு. "எங்கள் கேமை ஆடிப் போடுங்கள், பணம் தருகிறோம்" என்று ஒரு ஃபைலை இறக்கச் சொல்வார்கள். அதைத் திறந்தால் நாம் லாகின் ஆகியிருக்கிறோம் என்று பிரவுசர் நினைவில் வைத்திருக்கிற குறிப்பை, அதாவது குக்கீயை, திருடிவிடும், பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே நுழைவார்கள். யூடியூபர்களைக் குறிவைத்து இது நடப்பதாக 2021லேயே கூகுள் அறிக்கை விட்டது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற மிகப் பெரிய சேனலே இப்படித்தான் கைமாறி, பிறகு மீண்டது.

என் பழைய சேனல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் இருந்த எல்லா மிஷனையும் புதுச் சேனலில் மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆபீசில் பணம் கட்டின வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள், ரிசப்ஷனில் காத்திருந்தபோது முகங்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் திட்டுவார்கள் என்று வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஒருவர் புகாராக இருப்பதைவிடப் பல பேர் சேர்ந்து கொடுத்தால் வழக்கு நிற்கும் என்று அந்த எஸ்ஐ சொன்னார். ஜிபே விவரம், ரசீது, ஸ்டாம்ப் பேப்பர் நகல், கூகுளின் மெயில், இதில் எது கையில் இருந்தாலும் எனக்கு மெசேஜ் போடுங்கள். வீட்டில் நான் வந்து பேசுகிறேன். அடுத்த முறை ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போவோம்.