ஸ்டூப்பர், டேஸ், கிராகி, பிளாக்அவுட்: நினைவு தடுமாறும் நிலைகளுக்கான ஆங்கிலச் சொற்கள் – ஓர் ஒப்பீட்டு அலசல்

போதை, திகைப்பு, அரைமயக்கம், நினைவிழப்பு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிடுவதால், அவை எல்லாம் ஒரே ஏணியின் படிகள் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஆழத்தைவிட, ஒருவர் எதை இழந்திருக்கிறார் என்பதும், அந்த நிலைக்கு எதனால் வந்தார் என்பதுமே இச்சொற்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

முதலில் ‘டேஸ்’, ‘ஸ்டூப்பர்’ ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டவரோ, பேரிடியான செய்தியைக் கேட்டவரோ நிற்கலாம், நடக்கலாம், பெயரைக் கேட்டால் சற்றுத் தாமதித்துச் சொல்லவும் கூடும், அதுதான் டேஸ். ஸ்டூப்பரில் கிடப்பவரிடம் பெயர் கேட்டுப் பயனில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாலோ, நகத்தின் மேல் அழுத்தி வலி ஏற்படுத்தினாலோ கண்ணைத் திறந்து ஏதோ முனகுவார். விட்டவுடன் பழையபடி ஆழ்ந்துவிடுவார். எந்தத் தூண்டலுக்கும் விழிக்காவிட்டால் அது கோமா. ஆனால் மனநல மருத்துவத்தில் ‘கேட்டட்டானிக் ஸ்டூப்பர்’ என்று சொல்லப்படும் நிலையில் நோயாளி விழித்தே இருப்பார். பேச்சும் அசைவும் மட்டுமே நின்றுபோயிருக்கும். ஒரே சொல் இரண்டு துறைகளில் ஏறத்தாழ எதிரெதிரான காட்சிகளைக் குறிப்பதால், முன்பின் தொடர்பைப் பார்க்காமல் இதைக் கையாளுவது ஆபத்தானது.

‘டார்ப்பர்’ என்பதை ஸ்டூப்பரின் இரட்டைப்பிறவியாகக் கருதுவோர் உண்டு, அது சரியன்று. டார்ப்பரில் குறைவது அறிவு அன்று, இயக்கம். குளிர்ந்த இரவில் உடல் வெப்பத்தை வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு ஆற்றலைச் சேமிக்கும் ஹம்மிங்பறவையின் நிலையை உயிரியல் இந்தப் பெயரால்தான் அழைக்கிறது. தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனுக்கு லத்தீனில் டார்ப்பீடோ என்று பெயர். கிரேக்கத்தில் அதே மீனுக்கு நார்க்கே. முதலாவதன் வேரிலிருந்து டார்ப்பரும் இரண்டாவதன் வழியே, மருந்தால் வரும் மயக்கத்தைக் குறிக்கும் நார்க்கோசிஸும் வந்தன என்பது இந்த அலசலுக்கு வெளியே உள்ள சுவையான செய்தி.

குடிபோதைக்கான சொற்களோ எண்ணிக்கையில் அடங்குவதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1737-இல் தம் செய்தித்தாளில் வெளியிட்ட ‘குடிகாரர் அகராதி’யிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட தொடர்கள் இருந்தன. பெரும்பாலானவை கேலிக்காகப் பிறந்து, சில காலத்தில் மறைபவை. நிலைத்தவற்றில் ‘டிப்சி’ லேசான கிறுகிறுப்பையும் ‘டிரங்க்’ தெளிவான போதையையும் குறிக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் ஏணி என்ற உவமை ஓரளவு செல்லும். ‘கிராகி’யின் கதை வேறு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்டு வெர்னன் 1740-இல் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்க ஆணையிட்டார். கிராக்ரம் என்ற முரட்டுத் துணியால் ஆன அங்கி அணிந்ததால் அவருக்கிருந்த ‘ஓல்ட் கிராக்’ என்ற பட்டப்பெயரே, ‘கிராக்’ என அந்தப் பானத்துக்கும் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதைக் குடித்துத் தள்ளாடியவரைக் குறித்த கிராகி, இன்று பெரும்பாலும் ஒரு சொட்டும் குடிக்காதவரையே குறிக்கிறது: தூக்கத்திலிருந்து பாதி எழுந்தவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மயக்க மருந்து தெளிந்துகொண்டிருப்பவர், குத்து வாங்கிய குத்துச்சண்டை வீரர். ‘பஞ்ச்-டிரங்க்’ என்பதிலும் மது கிடையாது. தலையில் தொடர்ந்து குத்து வாங்கிய வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-இல் மருத்துவ இதழொன்றில் இந்தப் பெயரிலேயே விவரித்தார்.

மிக அதிகமாகக் குழப்பப்படுபவை ‘பிளாக்அவுட்’, ‘பாஸ் அவுட்’ என்ற இரண்டுமே. மது மிகுதியால் சுருண்டு விழுந்து அசையாமல் கிடப்பவர் பாஸ் அவுட் ஆனவர். பிளாக்அவுட்டில் இருப்பவரோ பேசுவார், சிரிப்பார், பணம் எண்ணிக் கொடுப்பார், வண்டியைக்கூட ஓட்டிவிடுவார். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி புதிய நினைவுகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிடுவதால், மறுநாள் அந்த மணிநேரங்கள் அவரிடம் இல்லை. உடனிருப்பவருக்கு அவர் சாதாரணப் போதையில் இருப்பவராகவே தெரிவார். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் வழக்கில் வெறும் மயங்கி விழுதலையும் பிளாக்அவுட் என்பார்கள். ‘டெலீரியம் டிரெமன்ஸ்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. அதன் அறிகுறிகளான நடுக்கம், பிதற்றல், இல்லாத ஒன்றைக் கண்ணால் காண்பது ஆகியவை குடித்ததால் வருபவை அல்ல. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் வருபவை. அந்த நிலையிலிருப்பவரை ‘டிரங்க்’ என்பது பொருள் பிழை மட்டுமன்று. தேவையான சிகிச்சையையே தாமதப்படுத்திவிடும்.

மருத்துவர்களுக்கும் இச்சொற்கள் தொல்லைதான். ஒருவர் ‘லெதார்ஜி’ (தூக்கக் கலக்கம்) என்று எழுதியதை அடுத்தவர் ‘அப்டண்டேஷன்’ (விழிப்பு மங்கிய நிலை) என்று எழுதுவதால், நோயாளி தேறுகிறாரா, சரிகிறாரா என்பதே தெரியாமல் போகிறது. கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-இல் வெளியிட்ட கிளாஸ்கோ கோமா அளவுகோல், கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உச்ச மதிப்பெண்களை வைத்து, 3 முதல் 15 வரையான எண்ணைத் தருகிறது. 8-உம் அதற்குக் கீழும் பொதுவாகக் கோமாவாகக் கொள்ளப்படுகின்றன. மருத்துவக் குறிப்பேட்டைப் பொறுத்தவரை சொல்லைவிட எண்ணே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கதை எழுதுபவருக்கு எண் பயன்படாது. அவருக்கு டேஸும் கிராகியும்தான் வேண்டும். செய்தி எழுதுபவர், மது வாடையுடன் சாலையில் கிடந்தவரை ‘டிரங்க்’ என்று எழுதும்போது காரணத்தையும் தாமே தீர்மானித்துவிடுகிறார். அவருடைய மண்டைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கவும் கூடும் என்பதால், காரணம் தெரியும் வரை, அழைத்ததற்குக் கண் திறந்தாரா இல்லையா என்று மட்டும் எழுதுவதே முறை.