21 நாள் கார் கிளாஸும் மூன்று தண்ணீர் பாட்டிலும்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 21 நாள் கார் பழகினேன். கட்டணம் 6,500 ரூபாய். ஸ்கூலின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதும் கெட்டதும் கலந்துதான் சொல்லப் போகிறேன், பெயரைப் போட்டால் கெட்டது மட்டும் நிற்கும்.

எனக்கு 44 வயது. லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி, ஸ்கூட்டிகூடத் தொட்டதில்லை, எங்கே போனாலும் டவுன் பஸ்தான். போன வருடம் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. எங்கள் வேகன்ஆர் கார் உறை போட்டபடி வாசலில் நின்றது. இரண்டு முறை பேட்டரி இறங்கி, ஆள் வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போனார். ஏற்காட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்த உறை போட்ட வண்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

முதலில் நல்லது. எல்.எல்.ஆர், அதாவது பழகுநர் உரிமம் எடுக்கும் வேலையில் இவர்கள் கெட்டி. ஆதார், போட்டோ கொடுத்தேன். விண்ணப்பம், கட்டணம், தேர்வு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சாலைக் குறிகள் அடங்கிய ஒரு தாளைக் கையில் கொடுத்து, "அக்கா, இதை ரெண்டு தடவை பாருங்க, போதும்" என்றார் ஆபீஸ் பையன். போதுமாகத்தான் இருந்தது. எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். அது கைக்கு வந்து 30 நாள் ஆன பிறகுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். இதை அவர்களே காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

இனி கிளாஸ். காலை ஆறரை மணி என்பது என் நேரம். வண்டி வரும்போது உள்ளே ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருப்பான். அவனை இறக்கிவிட சொர்ணபுரி வரை நான் ஓட்டுவேன். அங்கே இன்னொருவர் ஏறுவார். அவர் என்னைக் கொண்டுவந்து வீட்டில் விடுவார். அதாவது நான் பழகியது பாதி, மற்றவர்களை ஏற்றி இறக்கியது பாதி. நடுவில் மாஸ்டருக்கு ஒரு டீ. எனக்குக் கணக்கு எழுதும் கை, சும்மா இருக்காது. தினமும் டைரியில் நிமிடம் குறித்தேன். அரை மணி நேர கிளாஸில் ஸ்டீயரிங் என் கையில் இருந்தது சராசரியாகப் பதினாறு நிமிடம். 21 நாளுக்குக் கூட்டினால் ஐந்தரை மணி நேரம்.

டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுகிறவருக்குக் குறைந்தது 21 நாளும், ஓட்டுகிற நேரமாகப் பத்து மணிக்குக் குறையாமலும் பயிற்சி தர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று எழுதத் தனிப் பதிவேடே உண்டு. என் பதிவேட்டில் பத்தரை மணி நேரம் இருந்தது. கையெழுத்துப் போட்டவள் நான்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேனாவை நீட்டும்போது வாய் வரவில்லை. மண்டியில் ஒரு மூட்டை குறைந்தால் விட மாட்டேன், இதில் ஐந்து மணி நேரத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் மாஸ்டரின் கால். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அது பாதுகாப்புக்கு, தப்பில்லை. முதல் எட்டு நாளில் நான் அஞ்சு ரோட்டு நெரிசலில்கூட ஓட்டிவிட்டேன், வண்டி ஒரு தடவையும் ஆஃப் ஆகவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து வந்ததை அன்று இரவு வீட்டுக்காரரிடம் போனில் பீற்றிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் மாஸ்டருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே காலை எடுத்து மடக்கி உட்கார்ந்தார். அடுத்த சிக்னலில் வண்டி குலுங்கி நின்றது. திரும்பவும் நின்றது. பின்னால் ஹாரன். அப்போதுதான் புரிந்தது, எட்டு நாளாக கிளட்ச் மிதித்தது அவர். நான் ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசி ஆறு நாள் வேறொரு மாஸ்டர் வந்தார், ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. வண்டியில் ஏறியதும், "அக்கா, நான் காலை சீட்டுக்குக் கீழ வெச்சுக்கிறேன், பாத்துக்கோங்க" என்று காட்டினார். சீட்டை முன்னே தள்ளி, கிளட்ச் முழுக்க மிதிபடுகிறதா என்று பார்க்கச் சொன்னார். பதினைந்து நாளாக நான் எட்டி எட்டி மிதித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனித்ததே இல்லை. கண்ணாடியில் பின் கதவு கொஞ்சமும் ரோடு நிறையவும் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். இந்த ஸ்கூலுக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் எல்லாம் இவருக்குத்தான்.

முதல் தேர்வில் போய்விட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேர்வு வைத்த பிரேக் இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பேசினார். ரிவர்ஸ் எடுத்தேன், சரி. மேட்டில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். "இப்ப எடுங்க" என்றார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது, பயந்து கிளட்சை விட்டேன், ஆஃப். அவ்வளவுதான். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எடுக்கத் தெரிகிறதா என்பது தேர்வில் பார்க்க வேண்டிய விஷயம் என்று விதியிலேயே இருக்கிறது. ஸ்கூலில் முதல் மாஸ்டரிடம் இதை ஒரு முறை கேட்டிருந்தேன். "அதெல்லாம் கேட்க மாட்டாங்கக்கா" என்றிருந்தார். அடுத்த தேர்வுக்குக் குறைந்தது ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி, கோரிமேட்டில் வீடு. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏற்காட்டு வழித்தடத்தில் பல வருடம் ஓட்டியவர். "ஏங்கண்ணு, இத்தனை நாள் என்னைய விட்டுட்டுக் காசு குடுத்தா படிச்ச?" என்றார். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டினோம், வெள்ளையில் சிவப்பு எழுத்து, ஒரு சாண் அளவு. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்காராமல் எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு தனியாக ஓட்டக் கூடாது. அதைச் செய்கிறவர்களை நம் ஊரில் தினமும் பார்க்கலாம், இருந்தாலும் கூடாது.

கன்னங்குறிச்சி தாண்டி ஆள் நடமாட்டம் குறைவான ஒரு ஏற்றம். மாமா கையில் காலித் தண்ணீர் பாட்டில். இறங்கிப் போய்ப் பின் டயருக்கு ஒட்டினாற்போல் வைத்தார். "ஹேண்ட் பிரேக்கைப் போடு. முதல் கியர். கிளட்சை மெல்ல விடு. வண்டி சத்தம் கம்மும், மூக்கைத் தூக்கும். அங்கேயே காலை நிறுத்து. கொஞ்சம் ஆக்சிலேட்டர். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை எடு. பாட்டில் நசுங்கினா எனக்குத் தட்டு வடை செட்டு." தட்டு வடை செட்டு எங்கள் ஊர் நொறுக்குத் தீனி. முதல் பாட்டில் 'சடக்' என்று நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாவதும் போச்சு. மூன்றாவதில் சத்தமே வராமல் பாதி நசுங்கியது. அன்றைக்கு நான்காவது பாட்டில் நசுங்கவில்லை, அடுத்த நாளும் நசுங்கவில்லை. ஹாஃப் கிளட்ச் என்று 21 நாளாகக் காதில் விழுந்த சொல்லுக்கு அந்த ஏற்றத்தில்தான் காலில் அர்த்தம் தெரிந்தது.

எட்டு நாள், தினமும் ஒரு மணி நேரம். முழுக்க என் கால்தான். என் வண்டியில் மாமா பக்கம் மிதிக்க ஒன்றும் இல்லையே! அவரிடமும் குறை உண்டு. கத்துவார். இண்டிகேட்டர் போட்டால், "கையைக் காட்டினா பத்தாதா?" என்பார். பஸ் ஓட்டிய பழக்கத்தில் திருப்பத்துக்கு இவ்வளவு இடம் விடச் சொல்வார் என்றால், காருக்கு அது அரைத் தெரு. மாஸ்டர் சொன்னதையும் மாமா சொன்னதையும் சேர்த்து நானே நடுவில் ஒரு வழி பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் தேர்வுக்கு எங்கள் வேகன்ஆரிலேயே போனேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பையில். மேட்டில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது பின் டயரில் பாட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். வண்டி ஒரு இஞ்சுகூட இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் தாளில் ஏதோ எழுதினார், "போங்கம்மா" என்றார்.

லைசென்ஸ் வந்த இரண்டாவது ஞாயிறு ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மாமா பக்கத்தில், மடியில் அக்காவுக்குக் கொய்யாப்பழம். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஆகையால் ஏறும்போது எனக்குப் பெரிய பயம் இல்லை. வளைவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன், இரண்டாவது கியர், உள்பக்கமாக ஒடிக்காமல் திரும்புவது. இறங்கும்போதுதான் வியர்த்தது. "எந்த கியர்ல ஏறினியோ அதுலயே இறங்கு, நியூட்ரல் பக்கம் கையே போகக் கூடாது" என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறி, பிடிக்காமல் போய்விடும். எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு காரிலிருந்து அந்தக் கருகல் வாடை பாதி மலை வரை வந்தது. இதில் ஒரு வரிகூட ஸ்கூலில் சொல்லப்படவில்லை. மலைக்கு அடியிலேயே இருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் அந்த ஸ்கூலுக்குப் போகலாமா? போகலாம். எல்.எல்.ஆர் வேலைக்கும், முதல் முதலாக ரோட்டில் இறங்கும்போது பக்கத்தில் ஒரு பிரேக் இருப்பதற்கும் அந்தப் பணம் தகும். சேரும்போதே பெண் மாஸ்டர் வேண்டும் என்று கேளுங்கள், நாளின் முதல் கிளாஸையே கேட்டு வாங்குங்கள், அப்போதுதான் முந்தைய ஆளை இறக்கிவிடும் வேலை இருக்காது. மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். பதிவேட்டில் ஓட்டிய நேரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டைரியில் கடைசிக் கணக்கு: ஸ்கூலுக்கு 6,500. மாமாவுடன் பழகிய பெட்ரோல் 1,900. தட்டு வடை செட் மூன்று. மாமா நாலு என்கிறார், பாதி நசுங்கினதை அவர் இரண்டாக எழுதுகிறார்.