பழைய வெர்ஷனுக்கு பேட்ச் போட்டுத் தருகிறேன் என்றவரிடம் ஏமாந்தேன்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தளம் 2013-ல் டுருபல் 7-ல் கட்டியது. டுருபல் என்பது இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருள். உறுப்பினர்கள் தங்கள் குடும்பத்துப் பெரியவர்களைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதிப் போடுவார்கள். கட்டிக்கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போனதும் தளம் 7.41 வெர்ஷனிலேயே நின்றுவிட்டது. ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

2019-ல் தொந்தரவு ஆரம்பித்தது. எழுத்துக்கு நடுவே யாராவது ஒரு இமோஜி போட்டால் போதும், சேமிக்கும்போது பக்கம் முழுக்க எர்ரர். பதிவு ஏறவே ஏறாது. காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. யுடிஎஃப்8 என்பது எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் முறை. எங்கள் பதிவுகளைச் சேமிக்கும் மைசீக்வல் டேட்டாபேஸில் அந்தப் பெயரில் இருப்பது அரைகுறை யுடிஎஃப்8. ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் அதில் இடம் கிடையாது. வழக்கமான தமிழ்க் குறிகள் எல்லாம் 3 பைட்டில் அடங்கிவிடும், அதனால் இத்தனை வருடம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இமோஜிக்கு 4 பைட் வேண்டும்.

டுருபலைப் பராமரிக்கிறவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பினேன். “நாங்கள் 7.41-ல் இருக்கிறோம், மேலே போக வசதியில்லை, இந்த வெர்ஷனுக்கு மட்டும் சரிசெய்து கொடுங்கள்” என்று கேட்டிருந்தேன். வந்த பதில் இரண்டே வரி. 4 பைட் எழுத்துகளுக்கான ஏற்பாடு 2016-ல் வந்த 7.50-லேயே இருக்கிறது, அதற்கு மாறிக்கொள்ளுங்கள். அதோடு அறிக்கையை மூடிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்கள் பழைய வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அன்று உறைக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது. மாறிக்கொள்ளுங்கள் என்றதும் டுருபல் 8-க்குப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். 7-லிருந்து 8-க்குப் போவது வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. 7.41-லிருந்து 7.50-க்குப் போவது வெள்ளையடிப்பது மாதிரி. பேக்கப் எடுத்துவிட்டு, நம் கோப்புகள் இருக்கும் சைட்ஸ் ஃபோல்டரைத் தொடாமல் மற்றதையெல்லாம் புதிதாக மாற்றி, அப்டேட் பக்கத்தை ஒருமுறை ஓட்டினால் முடிந்தது. டேட்டாபேஸ் அட்டவணைகளை 4 பைட்டுக்கு மாற்றுவது தனி வேலை, அதற்கும் இலவசக் கருவி இருந்தது.

பேட்ச், அதாவது பிழையை அடைக்கும் திருத்தம், போட்டுத் தருகிறேன் என்ற அந்த ஆசாமிக்கு இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம்தான் வியாபாரம். தெரிந்தவர் மூலம் வந்தார். “டுருபல் 7 செத்துப்போச்சு சார், இனிமே யாரும் ஃபிக்ஸ் குடுக்க மாட்டாங்க. நாங்க மட்டும்தான் பழைய வெர்ஷனுக்கு பேட்ச் போட்டுத் தர்றோம்” என்றார். பச்சைப் பொய். டுருபல் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஜனவரி 5 வரை இலவசமாகவே வந்தன. நான் சரிபார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டினேன்.

மூன்றே நாளில் எர்ரர் போய்விட்டது. இமோஜி போட்டுப் பார்த்தேன், பதிவு ஏறியது. நான் சோதித்த வாக்கியத்தில் இமோஜி கடைசியில் இருந்தது. அது திரையில் தெரியவில்லை, போகட்டும் என்று விட்டேன். அட்மின் பக்கத்தில் வெர்ஷன் எண்கூடப் புதிதாகக் காட்டியது. அடடா, சொன்னதற்கு மேலேயே செய்திருக்கிறாரே என்று நன்றி வேறு எழுதி அனுப்பினேன்.

பத்து மாதம் கழித்து ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, எங்க அப்பாவப் பத்தி நாலு பக்கம் எழுதுனேன். முதல் பாராவோட நிக்குதே?” இரண்டாவது பாராவை அவர் ஒரு கைகூப்பும் இமோஜியோடு தொடங்கியிருந்தாராம். அதற்கப்புறம் எழுதியது ஒரு சொல்கூட இல்லை.

புரோகிராம் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். அசல் 7.41-ஐ இறக்கி, எங்கள் சர்வரில் இருந்ததோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். டுருபலின் சொந்தக் கோப்புகளில் மாறியிருந்தவை வெர்ஷன் எண் எழுதியிருக்கும் வரிகளும், மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பும் மட்டும். பேட்ச் என்று ஒன்றுமே இல்லை. செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார், பொருந்தாத எதையும் ஏற்காமல் மறுக்கும் டேட்டாபேஸின் ஸ்ட்ரிக்ட் மோடை அணைக்கும் வரி. அந்த மோட் இருந்தவரை 4 பைட் எழுத்து வந்தால் மைசீக்வல் மறுத்து எர்ரர் கொடுத்தது. அணைத்ததும், அந்த எழுத்துக்கு முன்னால் உள்ளதை மட்டும் சேமித்துவிட்டு மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிப் போட்டது.

எண்ணை மாற்றியதுதான் இதில் பெரிய அயோக்கியத்தனம். பழைய வெர்ஷனுக்குத் திருத்தம் கொண்டுவருவதை முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் வருடக்கணக்காக நடக்கிறது. உள்ளே ஓட்டையை அடைப்பார்கள், மென்பொருளின் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும், பின்னால் சின்ன ஒட்டு மட்டும் சேரும். இவர் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். 2018 மார்ச்சில் வெளியான, அந்நியர் உள்ளே நுழைய வழிவிடும் பெரிய பாதுகாப்பு ஓட்டைக்கு 7.58-ல் திருத்தம் வந்தது. எங்கள் தளத்தில் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது, அட்மின் பக்கமோ எல்லாம் பத்திரம் என்றது. படங்கள் ஏறும் ஃபோல்டரில் நாங்கள் போடாத ஒரு பிஎச்பி கோப்பும், அதாவது சர்வரில் ஓடக்கூடிய புரோகிராமும், உட்கார்ந்திருந்தது. அது அவர் வருவதற்கு முன்பே நுழைந்திருக்கலாம், அதை அவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒருதரம் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

போன் செய்து கேட்டேன். “எர்ரர் வருதுன்னுதானே சொன்னீங்க சார்? இப்ப வருதா?” என்றார். அதன் பிறகு எடுக்கவில்லை. பணமும் வரவில்லை.

டுருபல் 7-க்கு இப்போது இலவசத் திருத்தம் நின்றுவிட்டதால், காசு வாங்கிக்கொண்டு நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், இவரைப் போன்றவர்களும் இருப்பார்கள். யாரிடம் போனாலும் பேட்ச் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது, எந்தப் பாதுகாப்பு அறிவிப்புக்கான திருத்தம் என்று அதில் தெரியும். “அது எங்க சீக்ரெட்” என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். டுருபல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருவது, அதைத் திருத்தி உங்களுக்குக் கொடுப்பவர் புரோகிராம் வரிகளை மறைத்து வைக்க முடியாது. வேலை முடிந்ததும் அசலோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நண்பருக்கு அதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

தளத்தை ஒருவழியாகச் சுத்தம் செய்து மேலே ஏற்றிவிட்டோம். வெட்டுப்பட்ட எழுத்துகள் டேட்டாபேஸுக்குள் போகவே இல்லை, அதனால் எந்த பேக்கப்பிலும் கிடைக்காது. முற்றுப்புள்ளி இல்லாமல் முடிகிற பதிவுகளைத் தேடி எடுத்து, எழுதியவர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா மட்டும் இரண்டு பக்கம் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறார். மீதி இரண்டு பக்கத்தில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் வரவில்லை என்கிறார்.