பத்து வெள்ளி வகுப்பில் கேட்ட ஒட்டகக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் நடக்கும் சட்ட வகுப்புக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். கட்டணம் 10 வெள்ளி (ரிங்கிட்). இடையில் தேநீரும் வடையும் உண்டு. அன்றைய பாடம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இஸ்லாமியச் சட்டம் வகுத்துள்ள இழப்பீடு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களை விட்டு நகரத்துக்கு வந்த இந்துக் குடும்பத்தினர் என்பதால், இது நமக்கெதற்கு என்ற கேள்வி தொடக்கத்தில் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

ஓய்வுபெற்ற வழக்கறிஞரான ஆசிரியர் முதலில் வெள்ளைப் பலகையில் ஒரு கையை வரைந்து, ஒவ்வொரு விரலுக்கு மேலும் 10 என்று எழுதினார். கட்டைவிரலோ சுண்டுவிரலோ, ஒரு விரலுக்கு 10 ஒட்டகம், ஒரு பல்லுக்கு 5, ஓர் உயிருக்கு 100 என்பது நபிமொழிகளின் வழி வந்த அளவு என்றும், உயிருக்கான ஈடு தியத், காயத்துக்கான ஈடு அர்ஷ் எனப்படும் என்றும் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், செம்பனைக் குலை வெட்டும்போது பாதி போய்விட்ட தம் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, "ஐயா, என் பத்து ஒட்டகம் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், வேலையிட விபத்துக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவைத்தான் நாட வேண்டும், இது ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்குக்கான கணக்கு என்று நிதானமாகப் பிரித்துச் சொன்னார்.

வேண்டுமென்றே செய்த கொலையில் பழிக்குப் பழியான கிஸாஸைக் கோருவதா, ஈடு பெறுவதா, மன்னிப்பதா என்பதை இறந்தவரின் வாரிசுகளே முடிவு செய்கிறார்கள். தவறுதலாக நேர்ந்த மரணத்திலோ, கொன்றவரின் உறவினர் கூட்டமான ஆகிலா 3 ஆண்டுகளில் தியத்தைக் கட்ட வேண்டும் என்பது பழைய சட்ட அறிஞர்களின் விதி. இதிலுள்ள ஓட்டையையும் ஆசிரியர் மறைக்கவில்லை. 1990இல் இம்முறையைச் சட்டமாக்கிய பாகிஸ்தானில், பெண்ணைக் கொன்றவனும் மன்னிப்பவனும் ஒரே வீட்டினர் என்ற நிலை உருவானதால், கௌரவக் கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என 2016இல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

மலேசியாவில் கொலை, காயம் போன்ற வழக்குகளில் கிஸாஸும் தியத்தும் நடைமுறையில் இல்லை. எந்தச் சமயத்தவரானாலும் தண்டனைச் சட்டமே பொருந்தும். ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களை மட்டுமே விசாரிக்கலாம். அதுவும் 3 ஆண்டுச் சிறை, 5,000 வெள்ளி அபராதம், 6 பிரம்படி என்ற வரம்புக்குள்தான். நமக்குள்ள வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆவது பிரிவு. தண்டிக்கப்பட்டவர் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் இதன்கீழ் உத்தரவிடலாம். ஆனால் அதற்கு அரசு தரப்பு வழக்கறிஞர் விண்ணப்பிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் நேரே கேட்க முடியாது. என் அண்ணன் மகன் பாராங் என்னும் வெட்டுக்கத்தியால் வெட்டுப்பட்ட வழக்கில் வெட்டியவன் சிறை சென்றான். தையல் போட்ட செலவும் மூன்று மாதச் சம்பளமும் எங்கள் தலையில் விழுந்தன. விண்ணப்பிக்கும்படி கேட்கலாம் என்று எங்களுக்கு அன்று எவரும் சொல்லவில்லை.

அதனால்தான் வகுப்பில் தந்த கையேட்டின்மேல் எனக்கு வருத்தம். மலாயில் அச்சிட்ட நான்கு பக்கங்களில் ஒட்டகக் கணக்கு விரிவாக இருக்க, 426க்கு ஒரே வரிதான் இருந்தது. பலகையில் இருந்ததைக் கட்டண ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் சாலை விபத்து இழப்பீடாம். அண்ணனையும் அழைத்துப் போகிறேன்.