கல்லூரி குவார்ட்டர்பேக்கை எடைபோடும் அளவுகோல்கள்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நின்றது, எது உதிர்ந்தது

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் டிராஃப்ட் நெருங்கும் ஒவ்வொரு ஏப்ரலிலும், ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் கல்லூரி குவார்ட்டர்பேக்குகளை எடைபோட அளவுகோல்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். ஆடிய ஆட்டங்கள், பாஸ் துல்லியம், உள்ளங்கை அகலம், மூளைத்திறன் தேர்வு, நெருக்கடியில் எப்படி ஆடுகிறார் என்ற கணக்கு என்று பட்டியல் நீளும். 1998 முதல் 2024 வரையிலான டிராஃப்ட் வகுப்புகளின் மேல் இவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் கிடைத்த மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: யாரை எடுக்கலாம் என்று இவை சொல்லாது. யாரை எடுக்கப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் ஓரளவு சொல்லும்.

எந்த அளவுகோலையும் கையில் எடுக்கும் முன் 2021 வகுப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முதல் சுற்றில் ஐந்து பேர் (அடைப்பில் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பது): டிரெவர் லாரன்ஸ் (1), சாக் வில்சன் (2), டிரே லான்ஸ் (3), ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் (11), மேக் ஜோன்ஸ் (15). நான்காவது சீசன் தொடங்கும் முன்பே லாரன்ஸ் தவிர நால்வரையும் எடுத்த அணிகள் கைகழுவிவிட்டன. கோடிக்கணக்கில் செலவழித்து, வருடம் முழுக்க ஆள் அனுப்பிப் பார்த்து எடுத்த முடிவின் லட்சணமே இது. வீட்டில் ஸ்ப்ரெட்ஷீட் போடுபவர் இதைவிடப் பெரிதாகச் சாதிப்போம் என்று நம்பக் கூடாது.

நீண்ட நாள் நின்ற அளவுகோல், டேவிட் லூவின் 2006-ல் முன்வைத்த கணிப்பு முறை. இரண்டே எண்கள்: கல்லூரியில் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்கள் (ஸ்டார்ட்), பாஸ் கம்ப்ளீஷன் சதவீதம் (வீசிய பாஸ்களில் சொந்த அணியினர் பிடித்தவற்றின் பங்கு). முதல் இரண்டு சுற்றில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்பது இதோடு சேர்ந்த நிபந்தனை. பலர் தவறுவது இங்கேதான். நிபந்தனையை மறந்துவிட்டு, யார் அதிக ஆட்டம் ஆடினாரோ அவரே சிறந்தவர் என்று பட்டியல் போட்டால் உச்சியில் கெல்லன் மூர் வந்து உட்காருவார். பாய்சி ஸ்டேட்டில் 50 வெற்றி, 3 தோல்வி. 2012-ல் ஏழு சுற்றிலும் அவரை யாரும் எடுக்கவில்லை; என்.எஃப்.எல்.-இல் மொத்தமே 3 ஆட்டம்தான் ஆடினார். ஸ்டார்ட் எண்ணிக்கை திறமையை அளக்கவில்லை. வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகளுக்கு எவ்வளவு ஆட்டப் பதிவு (ஃபிலிம்) கிடைத்தது என்பதைத்தான் அளக்கிறது. 40 ஆட்டம் பார்த்தபின்னும் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கிறார்கள் என்றால், அவரிடம் மறைந்திருக்கும் குறை குறைவு. 13 ஆட்டம் மட்டும் பார்த்து எடுத்தால், மீதியை அணியின் செலவில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குறைந்த ஆட்டக்காரர்களை அடுக்கிப் பார்த்தால் இது புரியும். 1999-ல் மூன்றாவதாகப் போன அக்கிலி ஸ்மித்துக்கு 11 ஸ்டார்ட், என்.எஃப்.எல். வாழ்க்கையில் 5 டச்டவுன் (புள்ளியாக முடிந்த பாஸ்), 13 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). 2017-ல் மஹோம்ஸுக்கும் வாட்சனுக்கும் முன்பாக இரண்டாவதாகப் போன டிரபிஸ்கிக்கு 13. லான்ஸுக்கு 17, மேக் ஜோன்ஸுக்கும் 17. 2023-ல் நான்காவதாகப் போன ஆந்தனி ரிச்சர்ட்சனுக்கு 13. எதிர்ப்பக்கம் அழுத்தமாக நிற்பவர் கேம் நியூட்டன்: ஆபர்னில் 14 ஸ்டார்ட், 2015-ல் எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த வீரர்). அதாவது விதி உடையும், ஆனால் உடைக்க ஒரு கேம் நியூட்டன் தேவைப்படுகிறார்.

மறுபக்கம் இந்த எண் இப்போது வீங்கிவிட்டது. 2020 கோவிட் சீசனை வீரர்களின் தகுதி வருடக் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. ஐந்து, ஆறு வருடம் ஆடிவிட்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். 2024-ல் வந்த போ நிக்ஸுக்கு 61 ஸ்டார்ட், ஜேடன் டேனியல்ஸுக்கு 55. இருவரும் தேறினார்கள் என்பது உண்மைதான். அதற்காக 50-ஐ 35-ஐவிட உயர்ந்ததாக எண்ணக் கூடாது. 30-ஐத் தாண்டினால் 'போதுமான ஃபிலிம் இருக்கிறது' என்று ஒரு டிக், அதோடு விட்டுவிட வேண்டும். 50 ஆட்டம் வரை காத்திருந்து, கடைசி வருடத்தில் மட்டும் மலர்ந்து, 2022-ல் 20-வதாகப் போன கென்னி பிக்கெட்டை பிட்ஸ்பர்க் இரண்டே வருடத்தில் விற்றுவிட்டது.

அடுத்தது கம்ப்ளீஷன் சதவீதம். இதை வெறும் எண்ணாக எடுத்தால் ஏமாற்றும். 2019-ல் ஜோ பர்ரோ 527 பாஸில் 402 சேர்த்து, 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். கல்லூரி ரேட்டிங் சூத்திரம் இது: யார்டு × 8.4, டச்டவுன் × 330, கம்ப்ளீஷன் × 100 மூன்றையும் கூட்டி, இன்டர்செப்ஷன் × 200-ஐக் கழித்து, பாஸ் முயற்சிகளால் வகுக்க வேண்டும். பர்ரோவுக்கு 202.0 வரும். மறுவருடம் மேக் ஜோன்ஸுக்கு அதே கணக்கில் 203.1. எண்ணை நம்பியவருக்கு ஜோன்ஸ்தான் மேல். ஆனால் ஜோன்ஸ் பந்தைக் கொடுத்தது, அந்த வருடம் கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையையே வென்ற டிவாண்டா ஸ்மித்துக்கு. பர்ரோவுக்கும் பந்து பிடிக்க ஜெஃபர்சனும் சேஸும் இருந்தார்களே என்றால், சரிதான். எந்த எண்ணையும் பிடிப்பவனின் கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் இதில் தொல்லை.

கடைசி வருடத்தில் திடீரென்று எகிறும் துல்லியத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பர்ரோ 57.8-லிருந்து 76.3-க்கு ஏறினார். சாக் வில்சன் 62.4-லிருந்து 73.5-க்கு ஏறினார். தாளில் இரண்டும் ஒரே மாதிரி. எதிரணிப் பட்டியலைத் திறந்தால் பர்ரோ பக்கம் அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா, கிளெம்சன். வில்சன் பக்கம், கோவிட்டில் பெரிய அணிகளுடனான ஆட்டங்கள் ரத்தாகி, கிடைத்தவர்களைக் கொண்டு நிரப்பிய அட்டவணை. பத்து நிமிட வேலை. வில்சனை எடுத்த நியூயார்க் ஜெட்ஸின் ரசிகர்களுக்கு இதை நினைவுபடுத்தாமல் இருப்பது நாகரிகம்.

கல்லூரித் துல்லியம் என்.எஃப்.எல்.-இல் கீழே இறங்குவதற்கு விதிகளிலும் காரணம் இருக்கிறது. கல்லூரி மைதானத்தில் ஹேஷ் கோடுகளுக்கு (ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லைகள்) நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18.5 அடி. கல்லூரியில் ஒரு பக்கம் அகலமாகத் திறந்து கிடக்கும். ஓடுவதா வீசுவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்.பி.ஓ. ஆட்டத்தில், முன்வரிசைக்காரர்கள் பாஸுக்கு முன் 3 யார்டு வரை முன்னேறலாம். மேலே போனால் 1 யார்டுதான். தடுப்பவர் குழம்பி நிற்கும் இடத்தில் வீசிய சுலபமான பாஸ்களெல்லாம் இதில் சுருங்கிவிடும். எல்லைக்கோட்டுப் பாஸைப் பிடிக்கக் கல்லூரியில் ஒரு கால் உள்ளே இருந்தால் போதும், என்.எஃப்.எல்.-இல் இரண்டு கால். ஆகவே ஸ்கிரீன் பாஸ் (முன்வரிசைக்குப் பின்னாலேயே கொடுக்கும் குறும்பாஸ்), ஆர்.பி.ஓ. இரண்டையும் கழித்துவிட்டு, 10 யார்டுக்கு மேல் போனவற்றின் துல்லியத்தை மட்டும் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கீழ்வரம்பாக 60 சதவீதத்தை வைத்தால் அது வெட்டித் தள்ளுபவர்களில் இரண்டு எம்.வி.பி.கள் இருப்பார்கள்: வயோமிங்கில் 56.2 வைத்திருந்த ஜாஷ் ஆலன், லூயிவில்லில் 57.0 வைத்திருந்த லமார் ஜாக்சன். இருவரும் காலாலும் யார்டு சேர்ப்பவர்கள். ஆலன் 2018-ல் 52.8, 2019-ல் 58.8, 2020-ல் 69.2 என்று ஏறியது அதிசயம்தான்; அந்த அதிசயத்தை எதிர்பார்த்து மற்றவர்களை எடுப்பது சூதாட்டம். ரிச்சர்ட்சன் 2024-ல் 47.7-ல் நின்றார்.

ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கும்போது ஒரு கண்ணி காத்திருக்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை வீசுமுன் வீழ்த்தப்படுவது சாக். கல்லூரிக் கணக்கில் அதன் இழப்பை ஓட்ட யார்டிலிருந்து கழிப்பார்கள், என்.எஃப்.எல்.-இல் பாஸ் பக்கம் கழிப்பார்கள். 600 யார்டு ஓடி 200 யார்டு சாக்கில் இழந்தவர் கல்லூரித் தாளில் 400 என்றுதான் தெரிவார். முதலில் சாக் இழப்பை ஓட்டத்தோடு திருப்பிக் கூட்டுங்கள். பிறகு பாஸ் யார்டு + 20 × டச்டவுன் − 45 × இன்டர்செப்ஷன் − சாக் இழப்பு என்று போட்டு, (பாஸ் முயற்சி + சாக்) கொண்டு வகுங்கள். சும்மா கிடைக்கும் எண்களில் இதைவிடப் பயனுள்ள ஒற்றை எண் இல்லை.

புதிதாக வந்தவற்றில் மதிப்புள்ளது பிரஷர்-சாக் விகிதம்: நெருக்கடி வந்த தடவைகளில் எத்தனை சாக்கில் முடிந்தன என்பது. சாக் முன்வரிசையின் குற்றம் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அது பந்தை வைத்துக்கொண்டே நிற்பவரின் பழக்கம், அணி மாறினாலும் கூடவே போகும். ஃபீல்ட்ஸ் 2022-ல் 55 தடவை விழுந்தார். குறைந்த விகிதத்தோடு வந்த நிக்ஸ் 2024 முழுக்க 24 தடவை. இதைத் தனியே எடுக்காமல் ஓட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: டேனியல்ஸின் விகிதம் கவலை தந்தது, முதல் வருடம் 47 தடவை விழவும் செய்தார். ஆனால் 69.0 சதவீதத் துல்லியமும் 891 ஓட்ட யார்டும் சேர்ந்து அந்த வருடத்தின் சிறந்த புதுமுகமானார்.

உதிர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வண்டர்லிக் மூளைத்திறன் தேர்வை லீக்கே 2022-ல் கம்பைனிலிருந்து (டிராஃப்ட்டுக்கு முந்தைய சோதனை முகாம்) தூக்கிவிட்டது. 2023-ல் பேசப்பட்ட எஸ்2 என்ற இன்னொரு மூளைத்திறன் தேர்வில் பிரைஸ் யங் 98-வது சதமானம், சி.ஜே. ஸ்ட்ரவுட் 18 என்று செய்தி கசிந்தது. ஸ்ட்ரவுட் அந்த வருடம் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். யங் 62 தடவை சாக். கசிந்த தேர்வு மதிப்பெண்ணுக்குத் தாளில் ஒரு கட்டம்கூட ஒதுக்க வேண்டாம். உள்ளங்கை அளவும் அப்படியே: 9 அங்குல வரம்பின்மேல் நின்ற பர்ரோவும் 8.5 அங்குல பிக்கெட்டும் பிரிந்தது அந்த அரை அங்குலத்தால் அல்ல.

டிராஃப்ட் எண்ணே எதையும் கணிப்பதில்லை என்ற வாதத்தோடு எச்சரிக்கையாக இருங்கள். பிரேடி 199-வதாக, பர்டி 262-வதாக எடுக்கப்பட்டவர்கள் என்று உதாரணம் காட்டுவார்கள். கடைசிச் சுற்றில் வந்தவர் நன்றாக ஆடினால்தான் களத்தில் விடப்படுவார். முதல் சுற்றுக்காரர் மோசமாக ஆடினாலும் விடப்படுவார். களத்தில் ஆடியவர்களின் சராசரியை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு கூட்டமும் சமமாகத் தெரிவதில் வியப்பில்லை.

கடைசியாக, வெற்றி என்று எதை எழுதுவது, எந்தத் தேதியில் எழுதுவது என்பதை டிராஃப்ட்டுக்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும். 2018 வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 வசந்தத்தில் தாளை மூடினால் மேஃபீல்ட் வெற்றி, டார்னால்ட் தோல்வி. 2022 டிசம்பரில் மூடினால் மேஃபீல்டும் தோல்வி. ஒரே வருடத்தில் இரண்டு அணிகள் அவரை விட்டிருந்தன. 2024 முடிவில் மூடினால் டாம்பா பே-யில் 41 டச்டவுனோடு மேஃபீல்ட் வெற்றி, மினசோட்டாவில் 14 ஆட்டம் வென்று டார்னால்டும் வெற்றி. மூன்று தேதியிலும் மாறாமல் இருப்பவர்கள் வெற்றிப் பக்கம் ஆலன், ஜாக்சன், தோல்விப் பக்கம் ரோசன் என்று மூவர்தான்.