லேசர் பட்ட போன் கமரா: ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த பிறகு

கிளிநொச்சியில் கோயில் திருவிழா இசைக்குழுவை வீடியோ எடுக்கும்போது மேடையின் பச்சை லேசர் நேரே லென்ஸுக்குள் அடித்தது. அன்றிலிருந்து பிரதான கமராவில் எடுக்கும் எந்தப் படத்திலும் மேலிருந்து கீழாக ஊதாநிறக் கோடு, அதன் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. போனை மாற்றவில்லை, அப்படியே பாவிக்கிறேன்.

லென்ஸ் அந்தக் கதிரைக் குவித்து, படத்தைப் பதியும் சென்சரில் ஊசிமுனையளவு இடத்தில் விழுத்துகிறது. பூதக்கண்ணாடியால் கடதாசி எரிக்கிற அதே வேலைதான். பிக்சல் மட்டும் கருகினால் புள்ளி. அந்தப் பிக்சல் இருக்கும் நெட்டு வரிசையின் சிக்னலைக் கொண்டுபோகும் மின்சுற்றும் போய்விட்டால் முழுநீளத்துக்குக் கோடு.

“அண்ணை, லென்ஸில ஊத்தை, துடைச்சாச் சரி” என்றார் போன் திருத்தும் தம்பி. ஊத்தை மங்கலான திட்டாகத்தான் விழும், இப்படிக் கூராக விழாது. சோதிக்க, ஷட்டர் நேரத்தை நாமே அமைக்கக்கூடிய புரோ மோடுக்குப் போய் லென்ஸைக் கறுப்புத் துணியால் மூடி, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்து எடுங்கள். நைட் மோடை நம்ப வேண்டாம், அது புள்ளிகளைத் தானே அழித்துவிடும். வெயிலில் சூடேறிய போனில் சின்னச்சின்ன நிறப்புள்ளிகள் கூடுதலாகத் தெரியும். அவை போன் ஆறியதும் குறையும், லேசர் காயம் குறையாது. வீடியோவில் புள்ளி லேசாக ஆடினாலும் குழம்ப வேண்டாம், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் மென்பொருள் படச்சட்டத்தை நகர்த்துவதால் வருவது அது.

ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் 3 மடங்கு ஜூமை அழுத்தினாலும் பல போன்கள் சத்தமில்லாமல் பிரதான கமராவையே வெட்டிக் காட்டும். விரலால் பிரதான லென்ஸை மறைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இத்தனை காலத்தில் கோடு பரவவில்லை. பகலில் அகலக்கோண லென்ஸே போதும்: வயல், வாய்க்கால், பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் பத்திரங்கள் எல்லாம் ஒப்பேறுகின்றன. இரவில்தான் அதன் சின்னச் சென்சர் காலை வாருகிறது. திருத்துவதென்றால் கமராத் தொகுதியை முழுதாக மாற்ற வேண்டும், லேசர் சேதத்துக்குப் பொதுவாக உத்தரவாதமும் கிடைக்காது. வோல்வோ இஎக்ஸ்90 காரின் லைடாரை, அதாவது லேசர் வீசித் தூரம் அளக்கும் கருவியை, நோக்கிக் கமராவைப் பிடிக்க வேண்டாம் என்று 2025இல் அந்த நிறுவனமே எச்சரித்தது. வன்னியில் நமக்கு இப்போதைக்கு மேடை லேசர்தான்.

பழைய போன் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் காட்டும் அழகான படங்களை விட்டுவிட்டு, கடையிலேயே 1 மடங்கு ஜூமில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.